சுடுகாட்டுக்கு எந்த வழி?

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பிள்ளைகள் எங்க காலனிக்கு வந்தார்கள். நகரமைப்பு படிக்கிற மாணவர்கள். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, தலையில் தொப்பி. மரியாதையான பிள்ளைகள், அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்க ஆயா வாசல்ல உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சிக்கிட்டிருந்தது. அதுகிட்டதான் முதல்ல கேட்டாங்க. வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, குடிதண்ணி எங்கேர்ந்து, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, 2015 வெள்ளத்துல என்ன நஷ்டம், வேலைக்குப் போற தூரம், பஸ்ஸா பைக்கா. நாற்பத்திச் சொச்சம் கேள்வி. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு ஆயா கேட்டது:

"ஏம்பா, நாங்க இன்னா சாதின்னு கேக்கவே இல்லியே?"

பையன் நெளிஞ்சான். "நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல பாட்டி."

"நீ பாக்கலன்னா அது இல்லாமப் பூடுமா? இத்த ஏன் காலனின்னு சொல்றாங்க, ஊரு ஏன் அந்தாண்ட கீது, அத்த எழுதிக்கோ."

எழுதிக்கொள்ளவில்லை. டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

தோழர்களே, அந்த இல்லாத கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கட்டம் இல்லாதது மறதி இல்லை, அதுவே ஒரு ஆய்வுமுறை. எதைக் கேட்கக்கூடாது என்று தீர்மானிப்பவனிடம்தான் அறிவின் அதிகாரம் இருக்கிறது.

செம்பரம்பாக்கம் ஏரி இன்று ஆய்வாளர்களுக்குத் தாய்வீடு. 3645 மில்லியன் கன அடி கொள்ளளவு, 24 அடி ஆழம். ஒரு காலத்தில் நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் இன்று சென்னைக்குக் குடிதண்ணீர். நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2007இல் வந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு கரை கொள்ளாமல் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை அதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே எழுதியது. இல்லை, மழைதான் காரணம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எப்படியோ, அன்றிலிருந்து ஏரியை அளக்க ஆள் வராத வருசம் இல்லை. செயற்கைக்கோள் படத்தை வைத்து எத்தனை ஹெக்டேர் வயல் கட்டடமாச்சு, மழைத்தண்ணி எத்தனை மணி நேரத்தில் ஏரிக்கு வருது, எந்தக் கால்வாய் தூர்ந்துபோச்சு என்று கணக்குப் போடுகிறார்கள். வேண்டிய கணக்குத்தான். நான் குறை சொல்ல மாட்டேன்.

நண்பர்கள் மூலம் என் கைக்கு வந்த பத்துப் பன்னிரண்டு ஆய்வேடுகளைப் படித்துப் பார்த்தேன். (பேங்க் வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல கவிதை எழுதற நேரத்துல இதைப் படிச்சேன். அதனால கவிதை நஷ்டம், பெரிய நஷ்டம் இல்ல.) ஏரியின் ஒவ்வொரு மதகும் அவற்றில் இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு தமிழ்நாட்டின் பல நகராட்சிகளிலிருந்தும் லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றிக்கொண்டு வரப்பட்டு சென்னையின் சேற்றையும் குப்பையையும் கையால் அள்ளிய ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்கே தெரியும், நான் படித்த ஏட்டில் ஒருவரியிலும் இல்லை. "மீள்திறன்" என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. மீட்டவன் இல்லை.

அடையாற்றங்கரைக் குடிசைகளின் கதையும் அதுதான். ஆய்வுகள் "வெள்ளச் சமவெளி ஆக்கிரமிப்பு" என்று பொதுவாக எழுதின. அரசு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு குடிசைகளைத்தான் முதலில் பிடுங்கியது. அந்த மக்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில், மழைக்கு மழை தண்ணி நிக்கிற இடத்தில். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விடுகிற திட்டம். இது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்ட விஷயமும் அல்ல. கேரன் கோயலோவும் நித்யா ராமனும் 2010லேயே எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில், நீர்வழிகளைக் காப்பது என்ற பெயரில் ஏழைகள் மட்டும் பலியாடு ஆக்கப்படுவதை எழுதிவிட்டார்கள். கூவம், பக்கிங்காம் கால்வாய் மேல் தூண் ஊன்றிய பறக்கும் ரயிலும் பெரிய கட்டடங்களும் ஆக்கிரமிப்பு ஆகவில்லை, குடிசை ஆக்கிரமிப்பு ஆனது. நல்ல ஆய்வு இருந்தது. ஆனால் திட்டம் போடுகிறவன் மேசையில் அது இல்லை.

இப்போ என் சொந்தக் கதை. ஆராய்ச்சி என்னமோ பண்ணிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று கேட்கிற தோழர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் பேங்கில் கிளார்க். ஊழியர்களுக்கு வீட்டுக் கடன் குறைந்த வட்டியில் உண்டு. என் அப்பாவுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை மூலம் கொடுத்த மனை எங்களுடையது. 1978ஆம் வருசத்து 31ஆம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அரிசன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் சட்டம். தமிழ்நாட்டில் நம் மனைகள் ஏராளமானவை அந்த வழியில் வந்தவை. அதில் நிபந்தனைப் பட்டா. இஷ்டத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. நான் கடனுக்கு எழுதிப்போட்டேன். மூலப்பத்திரம் கேட்டார்கள், வில்லங்கம் கேட்டார்கள், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம் கேட்டார்கள். வக்கீலின் கருத்து ஒரே வரியில் வந்தது: சந்தையில் செல்லுபடியாகும் உரிமை இல்லை. எந்தப் பேங்க், எந்த வக்கீல் என்பது இங்கே முக்கியமில்லை. எந்தப் பேங்குக்குப் போனாலும் அதே படிவம், அதே வரி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மத்தவங்க கடன் ஃபைலை நான்தான் நம்பர் போட்டு அடுக்குகிறேன். என் வீடு இன்னும் சிமெண்ட் ஷீட்டுதான்.

அந்த நிபந்தனையை எடுத்துவிடு என்று நான் கேட்கவில்லை, கவனியுங்கள். அது போனால் ரெண்டு வருசத்தில் காலனி முழுக்க புரோமோட்டர் கையில். நிலத்தைக் காப்பாற்றுகிற நிபந்தனைதான் கடன் வாங்கும்போது குற்றமாகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க எந்த நகரமைப்பு ஆய்வாவது உட்கார்ந்ததா? 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் வயலைப் பிளாட் போட்டவனுக்கெல்லாம் பணம் கட்டினால் ஒழுங்காகிவிட வழி பிறந்தது. அவன் மனை ஒழுங்கு, அரசே அளந்து கொடுத்த என் மனை ஒழுங்கில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வேடுகளில் எங்க மாதிரிக் குடியிருப்புகளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: "திட்டமிடப்படாத வளர்ச்சி". எப்பேர்ப்பட்ட பொய்! தமிழ்நாட்டில் சேரியைப்போல் திட்டமிட்டுக் கட்டப்பட்ட இடம் வேறே உண்டா? ஊருக்கு எத்தனை முழம் தள்ளி, காற்று எந்தப் பக்கம் அடித்தால் யார்மேல் படாது, கிணறு எங்கே, பாதை எங்கே என்று ஒவ்வொன்றும் யோசித்துப் போட்ட திட்டம் அது. பிறகு அரசாங்கம் வந்தது. பழைய சேரியை ஒட்டியே நிலம் எடுத்து, அதே பள்ளத்தில், அதே சுடுகாட்டோரத்தில் புது மனைகளைக் கொடுத்தது. மனு போட்ட மண்டலத்தைச் சர்வேயர் சங்கிலி பிடித்து உறுதி பண்ணினார். முழுமைத் திட்ட வரைபடத்தைப் பாருங்கள். குடியிருப்புக்கு மஞ்சள் நிறம். ஊரும் மஞ்சள், சேரியும் மஞ்சள். வரைபடத்தில் மட்டும்தான் நாம் ஒன்றாகக் கலந்திருக்கிறோம்.

2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல் இனி அரசு ஆவணங்களில் இருக்காது என்று அறிவித்தார். வசைச்சொல்லாகிவிட்ட ஒரு சொல் போவது நல்லதுதான், நானும் கைதட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒரு பயம் வந்தது. சொல் போய்விடும், தெரு இருந்த இடத்திலேயே இருக்கும். வரைபடத்தில் சாதி ஏற்கெனவே இல்லை. பேரிலாவது ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் தடயமும் போய்விட்டால், நாளைக்கு எந்த ஆய்வாளன் எதை வைத்து எங்களைக் கண்டுபிடிப்பான்?

நம் ஆட்களில் சிலர், ஆய்வே வேண்டாம், அது பார்ப்பானும் வெள்ளைக்காரனும் நம்மைப் பூச்சியாக்கிப் பார்த்த கண்ணாடி என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதே செங்கல்பட்டு ஜில்லாவில் 1891இல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதுவும் ஆய்வுதான். அந்த ஆள் என்ன கேட்டார்? பண்ணையாள் குடியிருக்கிற மனை யாருடையது என்று கேட்டார். மிராசுதாருடையது என்று பதில் வந்தது. எதிர்த்துப் பேசினால், கூலி அதிகம் கேட்டால், வீட்டை விட்டே துரத்தலாம். அடிமைத்தனத்தின் ஆணிவேர் வீட்டடி மண்ணில் இருக்கிறது என்று அந்த ஒரு கேள்வி காட்டிவிட்டது. திருவள்ளூர்ப் பக்கம் கௌடி பாதிரியாரும் செங்கல்பட்டில் ஆண்ட்ரூ பாதிரியாரும் ஏற்கெனவே இதைக் கத்திக்கொண்டிருந்தார்கள். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது அப்படி. அது கை மாறிப்போனதும், அதை மீட்கக் காரணையில் நம் ஜனங்கள் இறங்கியதும், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்ததும் உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. அப்போ நான் கைக்குழந்தை. அந்தப் பேர்களைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஒரு சரியான கேள்வி கேட்ட ஆய்வு நூறு வருசம் கழித்தும் ஒரு போராட்டத்துக்கு ஆவணமாக நின்றது என்பதுதான் இங்கே விஷயம்.

நகரமைப்புக்காரர்கள் பாட்ரிக் கெட்டிஸை ஆசான் என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர். 1915இல் சென்னையில் கண்காட்சி வைத்தார். அதற்காக அனுப்பின முதல் படங்களெல்லாம் எம்டன் மூழ்கடித்த கப்பலோடு போயிற்று, மறுபடி சேகரித்துக்கொண்டு வந்தார். வரைவதற்கு முன்னால் நட, ஊரைக் காலால் படி, வைத்தியன் நாடி பார்க்கிற மாதிரி பார் என்றவர். நல்ல பாடம். ஆனால் கோயில் நகரங்களின் தேர்வீதி அழகை மெச்சியவர், அந்த வீதியில் நடக்க முடியாதவன் எந்த வழியாகப் போனான் என்பதைத் தன் பாடத்தின் முதல் கேள்வியாக வைக்கவில்லை. இந்தூரில் ஒரு ஊர்வலத்தில் தோட்டிகளுக்கு வெள்ளை வேட்டி கட்டி மரியாதையோடு நடக்கவைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரு நாள் ஊர்வலம். மறுநாள் வாளி அவர்கள் கையில். அம்பேத்கரோ கிராமத்தின் நில அமைப்பையே தீண்டாமையின் உடலாகக் கண்டவர். சேரி ஊருக்கு வெளியே இருப்பது வெறும் பழக்கமல்ல, முள்வேலி என்று எழுதியவர். நகரமைப்புப் பாடத்தில் கெட்டிஸ் இருக்கிறார். அம்பேத்கரை ஏன் நகரமைப்புச் சிந்தனையாளராகப் படிக்கக்கூடாது?

சாதியை அளக்க முடியாது என்கிற வாதமும் இன்று செல்லாது. 2012இல் த்ரினா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2001 சென்சஸை வைத்து, சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில் பணக்காரன் ஏழை என்று பிரிந்திருப்பதைவிடச் சாதியால் பிரிந்திருப்பது அதிகம் என்று காட்டினார்கள். அதுவும் வார்டு அளவில். நவீன் பாரதி, தீபக் மல்கான், அந்தலீப் ரஹ்மான் மூவரும் இன்னும் கீழே, கணக்கெடுப்பு வட்டம் வரை இறங்கிப்போய்ப் பார்த்து, வார்டுக் கணக்கு பிரிவினையை மறைக்கிறது என்றார்கள். எங்க ஆயா சொல்றதும் அதுதான். வார்டு ஒன்றுதான், நடுவே ரோடு இருக்கிறது. அடுத்த சென்சஸ் 2027இல், சாதிக் கணக்கோடு. அந்த எண்கள் தெரு அளவில் நம் கைக்குக் கிடைக்குமா, இல்லை மாவட்டக் கூட்டலில் கரைந்துவிடுமா என்று நம் இயக்கங்களில் யார் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

மாற்றிக் கட்டிப் பார்த்ததும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரம் குத்தம்பாக்கம். 1996இல் அங்கே ஊராட்சித் தலைவரானவர் இளங்கோ, ரசாயனப் பொறியியல் படித்த தலித். ஒரே சுவரை நடுவில் வைத்து இரட்டை வீடுகளாகக் கட்டினார். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் தலித் அல்லாத குடும்பம். அந்தச் சுவரைப்போல ஒரு நகரமைப்புத் தத்துவம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? மாநில அரசின் பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீட்டுக்கு 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று கணக்கு. குறைகள் ஆயிரம் உண்டு. பழைய ஊர் இருந்த இடத்தில் இருக்க, பக்கத்தில் புதுசாக ஒரு சமத்துவத் தீவைக் கட்டுவது என்ன விடுதலை என்று நானே மேடையில் கேட்டிருக்கிறேன். ஆனால் சாதியை நில அமைப்பின் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு ஒரு அரசு வீட்டெண் போட்டது அங்கேதான். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வீடுகளில் யார் தங்கினார்கள், யார் விற்றுவிட்டுப் போனார்கள், பிள்ளைகள் யாரோடு விளையாடின என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க எத்தனை நகரமைப்பு மாணவர்கள் கிளம்பினார்கள்? ஏரிக்கு வந்த கூட்டத்தில் கால்வாசி அங்கே போயிருக்கலாம்.

நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்வோம். இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ஆட்சேபணை சொல்லக் கால அவகாசம் இருந்தது. நான் அப்போ பள்ளிக்கூடப் பையன், ஆனால் அன்றைக்கிருந்த அண்ணன்களைக் கேட்டுப்பார்த்தேன். எங்க பக்கத்தில் ஒருத்தரும் மனு போடவில்லை. கொடிக்கம்பத்துக்கு இடம் கேட்டு மனு போட்டோம், சிலைக்குக் கூண்டு வேண்டாம் என்று போட்டோம், மயானப் பாதைக்கு நூறு மனு போட்டோம். அந்த நூறையும் ஒரே வரைபடத்தில் வைத்து இதுதான் இந்த வட்டாரத்தின் நில அமைப்பு என்று ஒருத்தரும் காட்டவில்லை. 2022இல் பெருநகரப் பகுதியை 1189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5904 ஆக விரித்துவிட்டார்கள். அரக்கோணம் பக்கம் வரை நம் சேரிகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. மூன்றாவது முழுமைத் திட்டம் 2046 வரைக்கும் யார் எங்கே இருப்பது என்று எழுதப்போகிறது. மேய்ச்சல் புறம்போக்கு அதில் "காலி நிலம்" ஆகும். தேர்வாய்கண்டிகையில் நம் ஜனங்கள் மாடு மேய்த்த நிலம் சிப்காட் ஆனது இப்படித்தான். காலி என்று முதலில் காகிதத்தில் எழுதினார்கள், பிறகு புல்டோசர் வந்தது.

எங்க இரவுப் பள்ளியில் படித்த தங்கச்சி ஒருத்தி. அவள் வீட்டில் முதல் பட்டதாரி, இப்போ முதுகலையில் நகரமைப்பு படிக்கிறாள். ஆய்வுக்கு ஏரிக்கு மேற்கே ஒரு ஊரை எடுத்திருக்கிறாள், பெயர் வேண்டாம். கேள்வித்தாளில் சாதி என்று ஒரு கட்டம் போட்டாளாம். வழிகாட்டி சார் அடித்துவிட்டார். சிக்கலான விஷயம்மா, கமிட்டி ஒத்துக்காது, வருமானத்தை வச்சுக்கோ போதும். நல்லவர்தான், பயம். "சாதின்னு எழுதாம எப்படிண்ணா கேக்கறது?" என்று என்கிட்ட வந்தாள். எனக்குத் தெரியவில்லை. ட்ரெமென்ஹீர், அம்பேத்கர் என்று நீளமாகப் பேசினேன். பாவம், குறிப்பெடுத்துக்கொண்டாள்.

ஆயாதான் உள்ளேயிருந்து சொன்னது. "செத்தா எந்த வழியா தூக்கினு போறீங்கன்னு கேளு. எல்லாம் தெரிஞ்சிடும்."

அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தாள். ஒரு பக்கத்தில், தார் ரோடு வழியா, பத்து நிமிசம், விளக்கு இருக்கு, கொட்டகை இருக்கு. மறுபக்கத்தில், வரப்பு மேல, நெல்லு நட்டிருந்தா நடுவுல வயல்காரன் விடமாட்டான், சுத்திப் போகணும், மழைக்காலத்துல இடுப்பளவு தண்ணில, போன ஐப்பசில பாடையைத் தலைக்குமேல தூக்கிக்கிட்டுப் போனோம். ரெண்டு வழியையும் ரெண்டு நிறத்தில் சர்வே எண்ணோடு வரைந்து எடுத்துப்போனாள். வழிகாட்டி சார் ரொம்ப நேரம் பார்த்தாராம். அணுகுதன்மைப் பகுப்பாய்வு, பிரமாதம், அப்படியே வை என்றாராம்.

சேரிப் பக்கம் எண்பது வீடும் முடித்துவிட்டாள். ஊர்ப் பக்கம் நாற்பது வீடு பாக்கி. முதல் வீட்டில் தண்ணீர் கொடுக்கிற முன்னாடியே, "எந்தத் தெரும்மா நீ?" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறாள். அவர் வரட்டும், அப்புறமா வாம்மா என்றார்களாம். மூன்று தடவை போய்விட்டாள், அவர் இன்னும் வரவில்லை. வர்ற ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன். பேங்க் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரச்சொல்லியிருக்கிறாள். "அதப் பாத்தாவது திண்ணையில உக்காரச் சொல்லுவாங்கண்ணா."